கடினமா, மென்மையா? கோலின் சேப்மன் கண்ட விடை

காரின் சுருள்வில்லை மாற்ற விரும்பும் இளைஞர்கள் பலரிடம் நான் ஒரே எண்ணத்தைக் காண்கிறேன். காரைத் தாழ்த்தி, வில்லைக் கடினமாக்கினால் அது பந்தயக் கார்போல் வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடும் என்று நம்புகிறார்கள். சுகத்தை இழந்தால்தான் பிடிப்புக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எப்போதும் சரியில்லை என்பதைத் தம் கார்களாலேயே காட்டியவர், லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பொறியாளர் கோலின் சேப்மன். மலேசியர்களுக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். 1996ஆம் ஆண்டு முதல் 2017 வரை லோட்டஸ், புரோட்டோனின் கையில் இருந்தது. சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களின் சஸ்பென்ஷனைப் பதப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியாளர்களே.

சேப்மன் 1928 மே 19ஆம் தேதி லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அவருடைய தந்தை வட லண்டனின் ஹார்ன்சி பகுதியில் ஒரு மதுவிடுதியை நடத்தினார். மகன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். பாலம், கூரை, தூண் ஆகியவற்றைக் குறைந்த பொருளில் எப்படி உறுதியாக அமைப்பது என்பதே அந்தப் படிப்பின் உயிர். படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றார். பாலத்தையும் விமானத்தையும் பார்த்த கண்ணோடுதான் அவர் காரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

1948இல், தம் காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துத் தம் முதல் பந்தயக் காரைச் செய்தார். 1952இல் லோட்டஸ் நிறுவனம் பிறந்தது. அதற்கு ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டுதான் தொடக்க முதல். தந்தையின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயமே தொழிற்கூடம். 1954இல் இருவரும் மணந்துகொண்டனர்.

சேப்மனின் வழியைப் புரிந்துகொள்ள, நீங்கள் இயற்பியலில் படிக்கும் ஹூக் விதியே போதும். வில்லின் மேல் நிற்கும் எடை எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பது இரண்டைப் பொறுத்தது: வில்லின் விறைப்பு, எடையின் அளவு. எடை பாதியானால், வில்லின் விறைப்பையும் பாதியாக்கி அதே சுகத்தைப் பெறலாம். எடை குறைந்தால் வளைவில் காரை வெளியே தள்ளும் விசையும் குறையும். அதைத் தாழ்வாக அமைத்தால் கார் சாய்வதும் குறையும். சாய்வைத் தடுக்கக் கடினமான வில் தேவைப்படாது. வில் மென்மையாக இருந்தால், சாலை மேடுபள்ளமாக இருந்தாலும் டயர் தரையை விட்டு எழும்பாமல் அதைத் தொடர்ந்து செல்லும். டயர் தரையில் இருந்தால்தானே பிடிப்பு? ஆக, சுகமும் பிடிப்பும் ஒரே வழியில் வந்து சேர்ந்தன.

ஆனால் வெறும் மென்மை போதாது. வில் ஒருமுறை அமுங்கிய பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. மேலும், காரின் சட்டகமே முறுக்கிக்கொண்டால் அதுவும் ஒரு வில்லாகிவிடும். அந்த வில்லுக்கு எந்த ஷாக் அப்சார்பரும் கிடையாது. எனவே சட்டகம் விறைப்பாக இருக்க வேண்டும், வில் இளகியிருக்க வேண்டும். 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகெலும்புபோல் நடுவில் ஓடும் எஃகுச் சட்டகம், அதன்மேல் கண்ணாடி இழை உடல், ஏறத்தாழ 680 கிலோ எடை. சாதாரணச் சாலையில் சொகுசாகச் சென்ற அந்தச் சிறு கார், வளைவுகளில் விலையுயர்ந்த கார்களுக்கு ஈடுகொடுத்தது.

அதே ஆண்டு, தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சட்டகமாக அமைந்த லோட்டஸ் 25 பந்தயக் கார் வந்தது. 1963இலும் 1965இலும் ஜிம் கிளார்க் லோட்டஸ் கார்களில் உலக வெற்றியாளரானார். 1965இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றார்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது 1970ஆம் ஆண்டு. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை எவ்வளவு குறைகிறதோ, டயர் அவ்வளவு நன்றாகச் சாலையைத் தொடரும். அதற்காக லோட்டஸ் 72 காரில் முன் பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்துக் காரின் உடலுக்குள் வைத்தார்கள். சக்கரத்தையும் பிரேக்கையும் இணைக்க ஒரு தண்டு தேவைப்பட்டது. செப்டம்பர் 5ஆம் தேதி, இத்தாலியின் மோன்சாவில் பயிற்சி ஓட்டத்தின்போது யோகன் ரிண்ட் ஓட்டிய கார் தடுப்பில் மோதியது. அவர் உயிரிழந்தார். பிரேக் தண்டு முறிந்ததே விபத்தைத் தொடங்கிவைத்தது என்று விசாரணை முடிவு கூறியது. சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு உயிரிழப்புக்குக் காரணமாயிற்று. அவர் பெற்றிருந்த புள்ளிகளை யாரும் தாண்டாததால், இறந்த பின் உலக வெற்றியாளரான ஒரே ஓட்டுநர் அவரே. சேப்மனின் கார்கள் வேகமானவை, ஆனால் நொய்ந்தவை என்ற பேச்சு ஓட்டுநர்களிடையே முன்பே இருந்தது. குறைத்த ஒவ்வொரு கிராமுக்கும் யாரோ ஒருவர் தம் உயிரைப் பிணையாக வைக்கிறார் என்பதை அவருடைய மேதைமையைப் பாராட்டும்போது நாம் மறக்கக்கூடாது.

பின்னர் காற்றே அவருடைய கொள்கையைச் சோதித்தது. காரின் அடிப்பக்கத்தைத் தலைகீழான விமான இறக்கைபோல் வடிவமைத்து, ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்தும்படி லோட்டஸ் செய்தது. 1978இல் லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி உலக வெற்றியாளரானார். ஆனால் அந்த அழுத்தம் நிலையாக இருக்கக் கார் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு வில்கள் இறுகின. ஓட்டுநர்களின் முதுகும் கழுத்தும் அடிவாங்கின. மென்மையான வில்லை நம்பியவரின் கண்டுபிடிப்பே கடினமான வில்லைக் கட்டாயமாக்கியது!

அவர் தந்த பதில் 1981இன் லோட்டஸ் 88. அதில் இரண்டு சட்டகங்கள். ஒன்று காற்றின் அழுத்தத்தை ஏற்றுச் சக்கரங்களுக்குக் கொடுக்கும். மற்றொன்று ஓட்டுநரை மென்மையான வில்களில் தாங்கும். மற்ற அணிகள் எதிர்த்தன. கார் தடைசெய்யப்பட்டது, ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. 1982 டிசம்பர் 16ஆம் தேதி, 54 வயதில், மாரடைப்பால் சேப்மன் காலமானார். டிலோரியன் கார்த் திட்டத்தில் மாயமான பெருந்தொகை பற்றிய விசாரணை அவருடைய பெயரில் கறையாகப் படிந்தது. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் 1992இல் சிறை சென்றார்.

அவர் விட்டுச் சென்ற கேள்விக்கு அவருடைய பொறியாளர்கள் விடை தேடினார்கள். வில்லுக்குப் பதிலாகக் கணினி இயக்கும் சஸ்பென்ஷனுடன் 1987இல் அயர்டன் சென்னா மொனாக்கோவில் வென்றார்.

வாகனப் பொறியியல் படிக்க எண்ணுகிற, சொந்தக் காரை மாற்ற நினைக்கிற மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் நல்ல டயர். அடுத்து, உறுதி குறையாத, எடை குறைந்த சக்கரம். பிறகு வில்லுக்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர். வில்லைக் கடினமாக்குவது கடைசியில், அதுவும் நீங்கள் அன்றாடம் ஓட்டும் சாலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். எந்தப் பாகத்தின் எடையைக் குறைத்தாலும், அது முறிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அதே தாளில் போட்டுப் பாருங்கள்.