கிடார் வாசிக்கவே தெரியாதவர் செய்த கிடார்! விலை குறைஞ்சா தரமும் குறையுமா? லியோ ஃபெண்டர் வாழ்க்கை சொல்லும் பதில்

முதன்முதலா எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போறவங்க எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். கையில் இருக்கும் காசு கொஞ்சம். கடையில் தொங்கும் கிடார்களோ பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை மட்டும் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போகும். மலிவான கிடாரை நம்பி வாங்கலாமா? நல்லதா, மோசமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுக்க விடை தேடியவர் ஒருவர் இருந்தார். அவர் இசைக்கலைஞர் இல்லை. கிடார் வாசிக்கத் தெரியாது, ட்யூன் பண்ணக்கூடத் தெரியாது. அவர் பெயர் லியோ ஃபெண்டர்.

யார் இந்த லியோ ஃபெண்டர்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், ஃபுல்லர்ட்டன் ஊருக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பம் அது. 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி அங்கே பிறந்தவர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். எல்லோரும் சுருக்கமாகக் கூப்பிட்டது லியோ.

சின்ன வயதிலேயே இடது கண்ணில் கட்டி வந்து, அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கடைசி வரை கண்ணாடிக் கண்தான்.

சொந்தக்காரர் ஒருவர் வாகனங்களுக்கு எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். அங்கே ரேடியோவைப் பார்த்த பையனுக்கு அதன் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. படிக்கும்போதே வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். ஆனால் கல்லூரியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, கணக்கியல்!

வேலை போனது, கடை பிறந்தது

படிப்பு முடிந்ததும் கணக்கர் வேலை. நெடுஞ்சாலைத் துறையில் கொஞ்ச காலம், டயர் கம்பெனியில் கொஞ்ச காலம். 1930-களின் பொருளாதார நெருக்கடி நேரம் அது. வேலையும் போனது.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார் லியோ. அந்தப் பக்கத்து இசைக்குழுக்காரர்கள் பழுதான ஆம்ப்ளிஃபையர், மைக், கிடார் பிக்கப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள்.

லியோவுக்குப் பள்ளிக்கூடமே அந்தக் கடைதான். எந்தப் பாகம் முதலில் உடைகிறது, எந்த இணைப்பு கழன்றுவிடுகிறது, எதை மாற்ற ஒரு நாள் ஆகிறது, எதை அஞ்சு நிமிஷத்தில் மாற்றலாம்... எல்லாம் அவர் கை வழியே புத்திக்குப் போனது. ஒரு பொருளின் தரம் என்பது ஷோரூமில் மின்னுவதில் இல்லை, ரிப்பேர் மேஜையில் தெரிவது என்பதை அங்கேதான் கற்றார்.

சோதனைக்குச் செய்த கிடாருக்கு வந்த மவுசு

இரண்டாம் உலகப் போர் காலத்தில், கிடார் தயாரிப்பில் அனுபவம் உள்ள டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்தார் லியோ. புதிதாகச் செய்த ஒரு பிக்கப்பைச் சோதிக்க, கனமான மரக்கட்டையில் ஒரு கிடாரைச் செய்தார்கள். அழகுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் உள்ளூர் வாத்தியக்காரர்கள் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மாற்றி மாற்றி இரவல் வாங்கிப் போனார்கள்.

1945-ல் இருவரும் கே அண்ட் எஃப் என்ற பெயரில், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் விற்கத் தொடங்கினார்கள். 1946-ல் காஃப்மன் விலகிக்கொண்டார். லியோ தனியாக ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியைத் தொடங்கினார்.

அப்போதைய கிடார்களில் என்ன பிரச்சனை?

அன்றைக்கு இருந்த எலெக்ட்ரிக் கிடார்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் உள்ளவை. சத்தத்தை ஏற்றினால் ஆம்ப்ளிஃபையரில் இருந்து வரும் ஒலியே கிடார் உடம்பை அதிரவைத்து, கீச்சென்று ஊளையிடும். நெக் உடம்போடு பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். அது வளைந்தால், கைதேர்ந்த தச்சர் வேண்டும், பணமும் நேரமும் வேண்டும்.

வெற்றிடமே இல்லாத கட்டை கிடார் லியோவின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. லெஸ் பால், பால் பிக்ஸ்பி போன்றவர்கள் அவருக்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள். அதை எல்லோரும் வாங்கும் விலையில், தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ய முடியும் என்று காட்டியதுதான் லியோவின் சாதனை.

எப்படி விலையைக் குறைத்தார்?

இங்கேதான் கணக்கர் மூளை வேலை செய்தது. கிடாரின் உடம்பு ஒரு தட்டையான மரப்பலகை. செதுக்கல் வேலைப்பாடு எதுவும் கிடையாது. மேப்பிள் மரத்தில் தனியாகச் செய்த நெக்கை நாலு திருகு போட்டு முடுக்கிவிட்டால் முடிந்தது. வயரிங் வேலைக்கு ஒரு தகட்டைக் கழற்றினால் போதும். நெக் கெட்டால் வேறு நெக் மாட்டிக்கொள்ளலாம்.

கவனியுங்கள். அவர் காசை மிச்சம் பிடித்தது அலங்காரத்தில். வாசிப்பவர் விரல் படும் இடத்தில் இல்லை. மலிவான கிடார் இன்று வாங்குபவருக்கும் இதுதான் அளவுகோல்.

முதல் அடியிலேயே சறுக்கல்

1950-ல் எஸ்குயர் என்ற பெயரில் முதல் மாடல் வந்தது. படகுத் துடுப்பு மாதிரி இருக்கிறது என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அதைவிடப் பெரிய தலைவலி வேறு.

தந்திகள் இழுக்கும் இழுப்பில் மர நெக் முன்பக்கமாக வளையும். அதைத் தடுக்க நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி போடுவது வழக்கம். அதுதான் ட்ரஸ் ராட். மேப்பிள் உறுதியான மரம், கம்பி தேவையில்லை என்று கணக்குப் போட்டார் லியோ. கணக்கு தப்பியது. நெக் வளைந்ததால் பல கிடார்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

லியோ பிடிவாதம் பிடிக்கவில்லை. ட்ரஸ் ராட் போட்டு, இரண்டு பிக்கப்புடன் ப்ராட்காஸ்டர் என்ற பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயரிலும் சிக்கல். கிட்டத்தட்ட அதே பெயரில் கிரெட்ச் கம்பெனி டிரம் விற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் ஆட்சேபிக்க, ஸ்டிக்கரில் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு கிடார்களை அனுப்பினார்கள். பெயரே இல்லாத அந்தக் கிடார்களுக்கு இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் தனி மவுசு. 1951-ல் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. அதே வருஷம் ப்ரெசிஷன் பேஸ் கிடாரும் வந்தது.

வாசிக்கத் தெரியாதவர் தரத்தை எப்படிப் பார்த்தார்?

வழி ரொம்ப எளிது. செய்வார், வாத்தியக்காரர் கையில் கொடுப்பார், அவர்கள் திட்டுவதைக் கேட்பார், திருத்துவார். கட்டை கிடாரின் ஓரம் விலா எலும்பில் குத்துகிறது என்றார்கள். ப்ரிட்ஜில் இன்னும் வசதி வேண்டும் என்றார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதற்கெல்லாம் பதில். உடம்போடு பொருந்தும் வளைவுகள், மூன்று பிக்கப், சுருதியை அசைக்கும் கைப்பிடி. அந்தக் கைப்பிடியோடு அதன் விலை 249.50 டாலர்.

அதுவும் ஜாஸ்தி என்பவர்களை அவர் மறக்கவில்லை. 1956-ல் மாணவர்களுக்காக மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் என இரண்டு மாடல்கள் வந்தன. தந்தியின் நீளம் குறைவு, பிக்கப் குறைவு, அலங்காரம் குறைவு. ஆனாலும் அதே தொழிற்சாலையில் செய்த, ஒழுங்காக வாசிக்கக்கூடிய கிடார்கள்தான் அவை. பின்னாளில் பிரபலமான பலர் இப்படிப்பட்ட மாணவர் மாடல்களை மேடையிலும் வாசித்தார்கள்.

உடல்நலம் கெட்டது, கம்பெனி கைமாறியது

1950-களின் நடுவில் தொற்றுநோய் ஒன்று லியோவைப் பிடித்தது. ஆண்டுக்கணக்கில் விடவில்லை. இனி அதிக காலம் இருக்க மாட்டோம் என்றே நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு வேறு டாக்டரைப் பார்த்தார், நோய் குணமாகிவிட்டது!

சி.பி.எஸ். காலத்தில் உற்பத்தி ஏறியது. போகப் போகத் தரம் இறங்கியது என்று வாத்தியக்காரர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். 1965-க்கு முந்தைய கிடார்களுக்கு விலை எகிறியது. பெயர் அதே, வடிவம் அதே, கிடார் மட்டும் வேறு.

ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர், சி.பி.எஸ். காலத்தில் செய்ததுதான். அதாவது, லோகோவை வைத்தும் முடிவெடுக்க முடியாது, தயாரித்த வருஷத்தை வைத்தும் முடிவெடுக்க முடியாது. கையில் இருக்கும் அந்த ஒரு கிடாரைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி நாள் வரை வேலை

குணமான லியோவால் சும்மா இருக்க முடியவில்லை. 1970-களில் மியூசிக் மேன் கம்பெனிக்காக கிடார்களும் பேஸ் கிடார்களும் வடிவமைத்தார். பிறகு பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலை இருந்த தெருவுக்கே ஃபெண்டர் அவென்யூ என்று பெயர்!

பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் தினமும் வேலைக்கு வந்தார். 1991 மார்ச் 21-ம் தேதி காலமானார். அதற்கு முந்தைய நாள்கூட வேலைக்கு வந்திருந்தார். 1992-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவர் ஆரம்பித்த கம்பெனியை 1985-ல் அதன் ஊழியர்கள் அடங்கிய குழுவே சி.பி.எஸ்.ஸிடம் இருந்து வாங்கியது. ஸ்கொயர் என்ற பெயரில் அந்தக் கம்பெனி விற்கும் விலை குறைந்த கிடார்கள்தான் இன்று உலகம் முழுக்கப் பலருக்கு முதல் கிடார்.

மலிவு கிடார் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

லியோ தன் ரிப்பேர் மேஜையில் பார்த்த அதே விஷயங்களைத்தான்.

நெக்: தலைப்பக்கத்தில் இருந்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். லேசான முன்வளைவு இருந்தால் பரவாயில்லை, ட்ரஸ் ராட் திருகில் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்ட நெக் என்றால் வேண்டவே வேண்டாம்.

ஃப்ரெட் ஓரம்: நெக்கின் இரண்டு ஓரத்திலும் கையை ஓட்டுங்கள். உலோக முனை கையைக் கிழித்தால் வேலை அரைகுறை என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஃப்ரெட்டும்: எல்லாத் தந்தியிலும் எல்லா ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சத்தம் இரைந்தாலோ செத்துப்போனாலோ ஃப்ரெட் சமமாக இல்லை.

நெக் இணையும் இடம்: முதல் தந்தியும் ஆறாவது தந்தியும் நெக் ஓரத்தில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

சுருதி: ட்யூன் பண்ணிவிட்டு தந்திகளை நன்றாக வளைத்து வாசியுங்கள். உடனே சுருதி விலகினால் நட்டையும் சாவிகளையும் சந்தேகப்படுங்கள். புதுத் தந்தி என்றால் கொஞ்சம் இழுபடும், அது குற்றமில்லை. அடுத்து 12-வது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை வாசித்து, போனில் உள்ள ட்யூனர் ஆப்பில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் விலகினால் ப்ரிட்ஜில் திருத்தலாம்.

வயரிங்: ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் வாங்காதீர்கள். எல்லாக் குமிழையும் திருகி, எல்லா ஸ்விட்சையும் மாற்றி, கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரப்பு, சத்தம் விட்டு விட்டு வருவது இருந்தால் சின்ன ரிப்பேர்தான். ஆனால் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தந்தி, நட், சாவி, குமிழ்... இவையெல்லாம் பிறகு குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. முறுக்கிய நெக்கும் மோசமான ஃப்ரெட்டும்தான் கிடாரின் விலையையே விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு முறை செட்-அப் செய்யவும் கொஞ்சம் காசை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் கிடாரைத் தேடுங்கள்.

சொந்தமாக வாசிக்கத் தெரியாவிட்டால்? வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். லியோ ஃபெண்டரும் கடைசி வரை அதைத்தான் செய்தார்.