பவளத்தின் புதிரை விடுவித்தவர்

மெர்சிங் படகுத்துறையிலிருந்து ரவா, தியோமான் தீவுகளுக்குச் செல்வோர், கரையை ஒட்டி வளர்ந்த பவளப்பாறைகளைக் காணலாம். இத்தகைய பாறைகள் உருவாகும் விதத்தை ஆராய்ந்தவர் சார்ல்ஸ் டார்வின்.

1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த டார்வின், 22-ஆவது வயதில் 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். பாறை கட்டும் பவள உயிரிகள் வெளிச்சம் படும் ஆழமற்ற நீரில்தான் வாழும். அப்படியானால், ஆழ்கடல் நடுவே வளைய வடிவப் பவளத்தீவுகள் தோன்றியது எப்படி? இக்கேள்வி அவரைச் சிந்திக்க வைத்தது.

எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. அதைச் சுற்றியுள்ள பவள உயிரிகள் மேல்நோக்கிப் பாறை கட்டுகின்றன. இறுதியில் தீவு மறைந்து வளையம் மட்டும் எஞ்சுகிறது என அவர் கருதினார். 1836-இல் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளை நேரில் ஆராய்ந்தார். 1842-இல் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். அறிஞர் சிலர் அதை ஏற்கவில்லை. 1882-இல் டார்வின் மறைந்தார்.

1952-இல் பசிபிக் பெருங்கடலின் எனிவெட்டோக் பவளத்தீவில் ஆழத் துளையிட்டனர். 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டது. டார்வினின் கருத்து மெய்யானது.

சிற்றுயிர்கள் நெடுங்காலம் கட்டிய பாறையை ஒரு நங்கூரம் நொடியில் உடைத்துவிடும். மீன்களுக்கு வீடாகவும் கரைக்கு அரணாகவும் விளங்கும் பவளப்பாறைகளைக் காப்பது நம் கடமையாகும்.