ஈயப் பெட்டிக்குள் இருந்த தலை!

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டை ஸ்பெயின்காரர்கள் ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆண்டார்கள். அந்த நாட்டைப் பிடித்துக் கொடுத்தவர், பிரான்சிஸ்கோ பிசாரோ.

ஸ்பெயினில் துருஹியோ என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி. ஆனால் தாயாரை அவர் மணந்து கொள்ளவில்லை. பையனைப் படிக்க வைக்க ஆள் இல்லை. பிசாரோவுக்குக் கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது. கவர்னர் ஆன பிறகும், காகிதத்தில் இரண்டு சுழி மட்டும் போடுவார். நடுவில் பெயரை எழுதுவது குமாஸ்தாவின் வேலை!

அறை நிறையத் தங்கம்

1532-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி. பிசாரோவிடம் இருந்தவர்கள் 168 பேர். இன்கா மன்னர் அடாஹுவால்பாவிடமோ பல்லாயிரம் வீரர்கள்.

கஹமார்க்கா என்ற ஊருக்குப் பேச வரும்படி பிசாரோ அழைத்தார். மன்னர் நம்பி வந்தார். திடீரென்று பீரங்கி வெடித்தது. குதிரைகள் பாய்ந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மன்னர் பிடிபட்டார்.

விடுதலைக்கு அவர் ஒரு விலை சொன்னார். 22 அடி நீளம், 17 அடி அகலம் உள்ள அறையில், கை எட்டும் உயரத்துக்குத் தங்கம்! அதுபோல இரண்டு பங்கு வெள்ளி!

நாலா திசையில் இருந்தும் பொன் பாத்திரங்கள் வந்து குவிந்தன. எல்லாம் அருமையான வேலைப்பாடு. பெரும்பாலானவற்றை உருக்கிக் கட்டியாக்கினார்கள். சுமார் 6 டன் தங்கம் தேறியது.

மன்னரை விட்டார்களா? இல்லை. 1533-ல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். படுபாதகம்!

வீட்டுக்குள் கொலை

1535-ல் லிமா நகரை பிசாரோ உண்டாக்கினார். கூட்டாளி அல்மாக்ரோவோடு பங்குத் தகராறு வந்தது. 1538-ல் அல்மாக்ரோ கொல்லப்பட்டார். அவருடைய ஆட்கள் பழி வாங்கக் காத்திருந்தார்கள். 1541 ஜூன் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிசாரோவின் வீட்டில் புகுந்து அவரை வெட்டிக் கொன்றார்கள்.

கண்ணாடிப் பெட்டியில் யார்?

பெரிய மனிதர்களின் எலும்புகளைப் பெட்டியில் வைத்து மாதா கோவிலில் பாதுகாப்பது அந்தக் கால ஸ்பெயின்காரர்களின் வழக்கமாக இருந்தது. லிமா நகரின் பெரிய மாதா கோவிலில் கெடாத உடல் ஒன்று இருந்தது. அதுதான் பிசாரோ என்று 1891-ல் முடிவு கட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஜனங்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

1977-ல் அதே கோவிலின் நிலவறையில் வேலை நடந்தது. சுவருக்குப் பின்னால் ஒரு மாடம் தெரிந்தது. எலும்புகளோடு மரப்பெட்டியும், ஓர் ஈயப் பெட்டியும் இருந்தன. ஈயப் பெட்டிக்குள் ஒரு மண்டை ஓடு! பெரு நாட்டை வென்ற பிசாரோவின் தலை இது என்று பெட்டியில் எழுத்து வெட்டி இருந்தது.

நிபுணர்கள் சோதித்தார்கள். மண்டை ஓடும் எலும்புகளும் பொருந்தின. கழுத்து எலும்பில் வாள் பட்ட அடையாளம். கண்ணாடிப் பெட்டி உடலிலோ வெட்டுக் காயமே இல்லை!

பல ஆண்டுகளாக ஜனங்கள் பார்த்தது வேறு யாரோ ஒருவரை. அந்த உடலை எடுத்துவிட்டு, பிசாரோவின் எலும்புகளை அங்கே வைத்தார்கள்.