பியேர் சொனெரா

பியேர் சொனெரா (ஆகஸ்ட் 18, 1748 - மார்ச் 31, 1814) பிரான்சு நாட்டு இயற்கையியலாளரும் பயண நூலாசிரியரும் ஆவார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவக்கரையின் கல்மரங்களை 1781 இல் முதன்முதலாகப் பதிவு செய்த ஐரோப்பியராக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

லியோன் நகரில் பிறந்த சொனெரா, தம் உறவினர் பியேர் புவாவ்ரின் ஆதரவால் இளமையிலேயே மொரீசியசு சென்றார். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா முதலிய நாடுகளில் பயணம் செய்து, 1782 இல் அப்பயண நூலை வெளியிட்டார். பின்னர் யானாமில் பிரெஞ்சு நிர்வாகத் தலைவராக இருந்தார். 1793 இல் பிரித்தானியர் புதுச்சேரியைக் கைப்பற்றியதும் அங்கே கைதியாக்கப்பட்டார். 1813 இல் விடுதலை பெற்று நாடு திரும்பியவர், அடுத்த ஆண்டே பாரிசில் காலமானார்.

கல்மரங்கள்

திருவக்கரை மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கருதப்படுகின்றன. வேரோ கிளையோ இன்றிக் கிடப்பதால், இவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தால் அடித்து வரப்பட்டவை என அறியலாம். மணலில் விரைந்து புதைந்ததால் காற்றுப்படாமல் அழுகலுக்குத் தப்பின. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உயிரணுக்களில் படிந்து அவற்றைக் கல்லாக்கியது. ஆறு சுமந்து வரும் கரிமப் பொருள் வண்டலில் புதைந்து நிலைபெறுவதற்கு இது தெளிவான சான்றாகும்.

இன்றும் திருவக்கரை வழியே பாயும் சங்கராபரணி ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. இத்தகைய ஆறுகள் கொணரும் பருமணல் முகத்துவாரத்தருகே தங்கிவிடும். நுண்களிமண் உப்புநீரில் ஒன்றுசேர்ந்து திரண்டு, இலை முதலியவற்றின் மட்கிய துகள்களோடு அமைதியான கடலடியில் படியும்.

மதிப்பீடும் நினைவும்

நியூ கினியாவுக்குச் சென்றதாகச் சொனெரா எழுதியது உண்மையன்று. அங்குக் கண்டதாக அவர் விவரித்த பறவைகள் சில, அத்தீவில் வாழாதவை. இதனால் அவருடைய குறிப்புகளை ஆய்வாளர்கள் சரிபார்த்தே ஏற்கின்றனர். எனினும் கல்மரங்கள் இன்றும் அவ்விடத்திலேயே உள்ளன. யாரும் நேரில் காணலாம். திருவக்கரை, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக உள்ளது.

சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியற் பெயர் இவர் நினைவாக அமைந்தது. சொன்னரேசியா என்னும் அலையாத்தி மரப் பேரினத்திற்கும் இவர் பெயரே சூட்டப்பட்டது. அம்மரங்களின் மூச்சுவேர்கள் நீரோட்டத்தைத் தணித்து, ஆற்று வண்டலைக் கரையோரத்தில் படியச் செய்கின்றன.