பிரான்செஸ் ஹாட்சன் பர்னெட்

பிரான்செஸ் ஹாட்சன் பர்னெட் (நவம்பர் 24, 1849 – அக்டோபர் 29, 1924) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய புதின எழுத்தாளரும் நாடக ஆசிரியரும் ஆவார். வாழ்ந்த காலத்தில் லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய் என்னும் சிறுவர் புதினத்தால் பெரும்புகழ் பெற்றார். இன்று அவருடைய பெயரை நிலைநிறுத்துவது 1911 இல் நூலாக வெளிவந்த த சீக்ரெட் கார்டன் (இரகசியத் தோட்டம்) ஆகும். பெற்றோரை இழந்த ஒரு சிறுமியையும், தாயை இழந்து தந்தையால் ஒதுக்கப்பட்ட ஒரு சிறுவனையும் பற்றிய இப்புதினம் குறித்து வாசகர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

இளமை

பிரான்செஸ் மான்செஸ்டர் நகரின் சீத்தம் பகுதியில் பிறந்தார். தந்தை எட்வின் ஹாட்சன் வீட்டு உலோகப் பொருட்களை விற்கும் கடை நடத்தி வந்தார். 1853 இல் அவர் பக்கவாதத்தால் திடீரென இறந்தபோது பிரான்செசுக்கு மூன்று வயது. தாய் எலைசா கடையைத் தாமே ஏற்று நடத்தினார். 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் மான்செஸ்டருக்குப் பருத்தி வரத்து நின்று, ஆலைகள் மூடப்பட்டன. ஆலைத் தொழிலை நம்பியிருந்த நகரத்தில் கடையும் நொடிந்தது. அமெரிக்காவில் இருந்த தாய்மாமனின் அழைப்பை ஏற்று, 1865 இல் குடும்பம் டென்னசி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வறுமை நீங்கவில்லை.

பதின்ம வயதில் பிரான்செஸ் கதைகள் எழுதி இதழ்களுக்கு அனுப்பத் தொடங்கினார். காட்டுத் திராட்சை விற்ற காசில் தாளும் அஞ்சல் தலையும் வாங்கியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் கூறியுள்ளார். 1868 இல் அவருடைய முதற் கதைகள் கோடீஸ் லேடீஸ் புக் என்னும் இதழில் அச்சேறின. 1870 இல் தாயும் இறந்தார். அதன்பின் குடும்பச் செலவுக்காகவே அவர் ஓயாது எழுத வேண்டியிருந்தது. பிற்காலத்தில் செல்வம் சேர்ந்த பிறகும் இந்த வேகம் அவரை விட்டு நீங்கவில்லை.

திருமணமும் புகழும்

1873 இல் சுவான் பர்னெட் என்னும் மருத்துவரை மணந்தார். இவர்களுக்கு லயோனல் (1874), விவியன் (1876) என இரு மகன்கள் பிறந்தனர். 1877 இல் வெளிவந்த தட் லாஸ் ஓ லௌரீஸ் என்னும் புதினம் லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்வைக் காட்டியது. இது பெரியவர்களுக்கான நூல். அவரை மதிப்பிற்குரிய எழுத்தாளராக்கியது.

செயிண்ட் நிக்கலஸ் என்னும் சிறுவர் இதழில் 1885 முதல் தொடராக வந்த லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய் 1886 இல் நூலாயிற்று. கதைச் சிறுவன் அணியும் வெல்வெட் உடையையும் சரிகைக் கழுத்துப்பட்டையையும் பல தாய்மார்கள் தம் மகன்களுக்கு அணிவித்தனர். அச்சிறுவர்கள் அதை விரும்பியதாகத் தெரியவில்லை. இப்புதினத்தை அனுமதியின்றி நாடகமாக்கிய ஒருவர்மீது பர்னெட் தொடுத்த வழக்கில் 1888 இல் வெற்றி பெற்றார். இங்கிலாந்தில் நாடக உரிமை தொடர்பாக எழுத்தாளர்களுக்கு இத்தீர்ப்பு பெருந்துணையாக அமைந்தது.

லயோனலின் மறைவு

புகழின் உச்சியில் பர்னெட் பெரும்பகுதி நாட்களை ஐரோப்பாவில் கழித்தார். மகன்கள் வாஷிங்டனில் தந்தையுடன் இருந்தனர். 1890 இல் மூத்த மகன் லயோனலுக்குக் காசநோய் கண்டிருப்பது தெரியவந்தது. உடனே திரும்பிய தாய், மகனை மருத்துவர்களிடமும் நலவாழ்வு ஊர்களிடத்தும் அழைத்துச் சென்றார். நோய் தீராதது என்பதை அவனிடமிருந்து இறுதிவரை மறைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில், தன் பதினாறாம் வயதில் லயோனல் இறந்தான். தாம் அருகில் இல்லாத மாதங்களை எண்ணிப் பர்னெட் நெடுங்காலம் வருந்தினார். மகனின் நினைவாக, இலண்டன் டிரூரி லேன் பகுதியில் ஏழைச் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றிற்குப் படிப்பறை அமைத்துக் கொடுத்தார்.

1898 இல் சுவான் பர்னெட்டுடனான மணவாழ்க்கை முறிந்தது. 1900 இல் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் இரண்டு ஆண்டுகளே நீடித்தது. இக்காலத்தில் அவர் கென்ட் மாவட்டத்தில் உள்ள கிரேட் மேத்தம் என்னும் மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அங்கே மதில் சூழ்ந்த பழைய தோட்டம் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. அதைத் திருத்தி ரோஜாச் செடிகளை நட்டு, அதற்குள்ளேயே அமர்ந்து எழுதினார். அவரோடு பழகிய ராபின் பறவை ஒன்றைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இரகசியத் தோட்டம்

த சீக்ரெட் கார்டன் 1910 இல் தி அமெரிக்கன் மேகசின் இதழில் தொடராக வரத் தொடங்கியது. இந்தியாவில் வாழும் மேரி லெனாக்ஸ் என்னும் ஆங்கிலச் சிறுமியின் பெற்றோர் காலராவில் இறக்கின்றனர். எஞ்சியோர் வீட்டைவிட்டு ஓட, மறக்கப்பட்ட மேரி தனியே கண்டெடுக்கப்பட்டு, யார்க்‌ஷயரில் உள்ள மாமன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். மாமன் ஆர்ச்சிபால்ட் கிரேவன், மனைவி விபத்துக்குள்ளான தோட்டத்தைப் பத்து ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருப்பவர். அவருடைய மகன் காலின், தான் கூனனாகி இறந்துவிடுவான் என்னும் அச்சத்திலேயே படுக்கையில் வளர்கிறான். சாவியைக் கண்டெடுக்கும் மேரியும், டிக்கன் என்னும் ஏழைச் சிறுவனும், காலினும் தோட்டத்தை மீட்கின்றனர். காலின் எழுந்து நடக்கிறான்.

வாசகர் கருத்துகள்

முதல் கருத்து வேறுபாடு நூலின் தொடக்கத்திலேயே எழுகிறது. பெற்றோர் இறந்ததற்காக மேரி அழுவதில்லை. இதனை இயல்புக்கு மாறானது என்றும், குழந்தையை இரக்கமற்றவளாகக் காட்டுவது என்றும் கொள்வோர் உண்டு. கிடைக்காத அன்பை இழந்ததாக ஒரு குழந்தை எவ்வாறு உணரும் என்று கேட்போரும் உண்டு. இரண்டாம் கருத்தே நூலுக்கு நெருக்கமானது; இழப்பு இன்னதென்று மேரி அறிவது, தோட்டத்தை நேசிக்கத் தொடங்கிய பிறகு அது பறிபோகுமோ என்று அஞ்சும்போதுதான்.

ஆனால் இவ்விளக்கம் வேறொரு மரணத்தை மறைத்துவிடக் கூடாது. மேரியை வளர்த்த இந்திய ஆயாவும் அதே காலராவில் இறக்கிறாள். அவளுக்காக வேலைக்காரர் குடிசைகளில் எழும் அழுகுரல் கேட்கிறது. கதை அங்கே நிற்பதில்லை. இந்தியாவை நோயும் சிடுசிடுப்பும் தரும் நிலமாகவும், யார்க்‌ஷயர் காற்றை மருந்தாகவும் காட்டும் பர்னெட் இந்தியாவிற்கு வந்தவர் அல்லர். இந்திய மக்களைப் பற்றி மேரி பேசும் இழிசொற்கள் அவளுடைய தீய வளர்ப்பின் அடையாளமாகவே தரப்பட்டவை என்பர் சிலர். குடியேற்ற ஆட்சிக்கால மனப்பான்மை ஆசிரியருடையதும்தான் என்பர் மற்றவர். நூலின் அமைப்பு பின்னவர் பக்கமே சாய்கிறது.

மேரியின் கதையாகத் தொடங்கும் நூல் காலினின் கதையாக முடிவதும் குறையாகக் கூறப்படுகிறது. இறுதிக் காட்சியில் தந்தையும் மகனும் நடந்து வர, மேரி கண்ணில் படுவதில்லை. 1970களுக்குப் பின் பெண்ணிய நோக்கில் எழுதிய ஆய்வாளர்கள் இதனை விரிவாக விவாதித்துள்ளனர். பத்து ஆண்டுகள் மகனை ஒதுக்கி வைத்த தந்தை ஒரே மாலையில் மன்னிக்கப்படுவதும் பலருக்கு ஏற்புடையதாக இல்லை.

மிகக் கடுமையான கருத்து வேறுபாடு காலினின் நலம் குறித்தது. அவனுடைய நோய் மனத்தில் மட்டுமே உள்ளது, நம்பிக்கையே மருந்து என்று நூல் கூறுகிறது. பர்னெட் கிறித்தவ அறிவியல் என்னும் சமய இயக்கத்தின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். ஆனால் அதில் உறுப்பினராகச் சேரவில்லை. மனம் வைத்தால் எழுந்து நடக்கலாம் என்பது, எழ இயலாத குழந்தைகளுக்கு இழைக்கும் அநீதி என்று மாற்றுத்திறனாளி வாசகர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். நூலை விரும்புவோர் முன்வைக்கும் விடை லயோனலின் வாழ்க்கையில் உள்ளது. பாரிஸில் எழாத மகன் யார்க்‌ஷயரில் எழுகிறான் என்பது அவர்கள் வாதம். இது நூல் பிறந்த காரணத்தை விளக்கும்; ஆனால் மறுப்போர் எழுப்பும் கேள்விக்கு விடையாகாது. தான் இறக்கப் போவதை லயோனல் அறியவில்லை. காலினோ அதைத் தவிர வேறெதையும் கேட்டு வளரவில்லை. தாம் காத்த மௌனத்தைப் பர்னெட் கதையில் இவ்வாறு தலைகீழாக்கியிருப்பதை இரு தரப்பினரும் அதிகம் கவனிப்பதில்லை.

இறுதிக்காலம்

1905 இல் குடியுரிமை பெற்ற பர்னெட், தம் இறுதி ஆண்டுகளை நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள பிளாண்டோம் என்னும் ஊரில் தோட்டத்துடன் கூடிய வீட்டில் கழித்து, 1924 இல் அங்கேயே காலமானார். அப்போது வந்த இரங்கற் செய்திகளில் ஃபான்ட்லராய்க்கே முதலிடம். த சீக்ரெட் கார்டன் பெரிதாகப் பேசப்படவில்லை. அதன் புகழ் பின்னர், பெரும்பாலும் நூலகங்கள் வழியாகவும் வாசித்த பெண்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததன் வழியாகவும் வளர்ந்தது. 1949, 1993, 2020 ஆகிய ஆண்டுகளில் திரைப்படங்களாகவும், 1991 இல் நியூயார்க்கில் இசை நாடகமாகவும் வந்தது.

இளைய மகன் விவியன் 1927 இல் தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஃபான்ட்லராய் சிறுவனுக்கு முன்மாதிரி என்னும் அடைமொழி வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. 1937 இல் லாங் தீவின் அருகே, கவிழ்ந்த படகில் இருந்தவர்களைக் காப்பாற்றிய பின் மயங்கி விழுந்து இறந்தார். ராஸ்லின் கல்லறைத் தோட்டத்தில் தாயின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.