கம்பி வேலிக்குத் திட்டம் போட்டவர்: ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ்

அவசரகாலத்தில் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கம்பி வேலிதான். லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல், வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் சோதனை, இருட்டினால் ஊரடங்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளில் யார் பெயர் தெரியும் என்று கேட்டால், சிலர் டெம்ப்ளர் என்பார்கள். ஆனால் வேலிக்குத் திட்டம் போட்டவர் டெம்ப்ளர் அல்ல. அவருக்கு முன்னால் வந்து, வேலை முடியும் முன்பே புறப்பட்டுப் போன ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் பிரிக்ஸ் திட்டம் என்று வந்து போகும். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை.

ஹெரால்டு ரோடன் பிரிக்ஸ் 1894-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பைப்ஸ்டோன் என்ற சிற்றூரில் பிறந்தார். படித்தது இங்கிலாந்தில். இளம் வயதிலேயே பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து, ராணுவ வாழ்க்கையில் பெரும் பகுதியை அதிலேயே கழித்தார். இரண்டாம் உலகப் போரில் 7-ஆவது இந்தியப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கி எரித்ரியாவில் இத்தாலியர்களோடு போரிட்டார். 1942 தொடக்கத்தில் பெங்காசியில் எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது, சரணடையாமல் தம் படையைப் பாலைவனத்தின் வழியே மீட்டு வந்தார்.

பிறகு 5-ஆவது இந்திய டிவிஷனின் தளபதியாக பர்மா போர்முனைக்கு வந்தார். 1944 மார்ச்சில் அராக்கானில் இருந்த அந்தப் படையை விமானங்களில் ஏற்றி இம்பால் பக்கம் இறக்கியது அந்தப் போரின் பெரிய திருப்பங்களில் ஒன்று. அங்கே எதிர்த்தரப்பில் ஜப்பானியரோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஆறே ஆண்டுகளில் அதே தோட்டங்களுக்கு எப்படி வேலி போடுவது என்று திட்டமிடும் வேலை பிரிக்ஸிடம் வந்து சேர்ந்தது.

1948-இல் ஓய்வுபெற்று சைப்ரஸ் தீவில் குடியேறினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பேராக், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்க இயக்கம் நசுக்கப்பட்டது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படையின் பலம் குறையவில்லை. ராணுவம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியது. கிடைத்தது கொஞ்சம்தான்.

பர்மாவில் பிரிக்ஸின் மேலதிகாரியாக இருந்த ஜெனரல் ஸ்லிம் இப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவர் பரிந்துரையின் பேரில் 1950 ஏப்ரலில் பிரிக்ஸ் மலாயாவுக்கு வந்தார். தளபதியாக அல்ல, நடவடிக்கை இயக்குநர் என்ற சிவில் பதவியில். வயது 55. ஓர் ஆண்டு மட்டும் இருப்பதாகத்தான் ஏற்பாடு.

வந்த சில வாரங்களிலேயே அவர் கண்ட உண்மை எளிமையானது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசியும் பணமும் செய்தியும் காட்டு ஓரத்திலிருந்து போகின்றன. அந்த வழியை அடைத்துவிட்டால், காட்டுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. பசித்தவர்கள் தாங்களே வெளியே வருவார்கள். அப்படியென்றால் இது படைவீரர்கள் மட்டும் செய்கிற வேலை அல்ல. நிலம், வீடு, சாலை, அடையாள அட்டை, கடைச் சரக்கு எல்லாம் இதில் அடங்கும்.

ஆகவே அவர் முதலில் மாற்றியது அலுவலகங்களை. மேலே கூட்டரசுப் போர் மன்றம். அதன் கீழ் மாநிலச் செயற்குழு. அதன் கீழ் மாவட்டச் செயற்குழு. மாவட்டக் குழுவில் மாவட்ட அதிகாரியும் போலீஸ் அதிகாரியும் ராணுவ அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அதுவரை அவரவர் போக்கில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். திட்டம் 1950 ஜூன் 1-ஆம் தேதி ஜொகூரிலிருந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கியது.

அடுத்து வந்ததுதான் இடமாற்றம். காட்டு ஓரங்களில் பயிர் செய்து வாழ்ந்த சீனக் குடும்பங்கள் புதிய இடங்களுக்கு ஏற்றப்பட்டன. லாரிகள் விடியலில் வந்து நிற்கும். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். 1951 முடிவதற்குள் ஏறக்குறைய 4 லட்சம் பேர் இப்படி இடம் மாறினார்கள். அவையே பின்னர் புதுக்கிராமங்கள் ஆயின.

தோட்டப் பாட்டாளிகளின் கதை இதனோடு சேர்த்துச் சொல்லப்படுவதே இல்லை. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த குடியிருப்புகளைக் கலைத்து, ஆட்களை ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். புதுக்கிராமங்களுக்குப் போனவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். இவர்களில் மிகப் பலர் தமிழர்கள். பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த மரவள்ளித் தோட்டமும் மாட்டுக் கொட்டகையும் அங்கேயே நின்றுவிட்டன.

பால்மரத்தில் விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பது மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். ஊரடங்கு இருந்த இடங்களில் அது முடிந்த பிறகே வாசல் திறக்கும். 1951-இன் நடுவில் உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. அரிசிக்குப் பங்கீட்டு அளவு. டின் உணவை விற்கும்போது கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் வேலைக்குப் போகிறவர் கையில் சோறு இருந்தால் வாசலிலேயே பறிக்கப்பட்டது. காட்டில் இருந்தவனைப் பட்டினி போடுவதற்காக, காட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் மத்தியானம் வரை வயிற்றைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார்கள். இந்தச் சுமையை மறைத்துவிட்டு அந்தத் திட்டத்தின் வெற்றியை எழுதுவது நேர்மையாகாது.

பிரிக்ஸுக்கும் அந்த நாட்கள் சுகமானவை அல்ல. பொறுப்பு முழுவதும் அவர் தலையில், அதிகாரம் பாதிதான். ராணுவத்தையும் போலீசையும் ஒருங்கிணைக்கலாம், ஆனால் அவை அவருடைய நேரடி ஆணையின் கீழ் இல்லை. அவர் சொன்னது பிடிக்காவிட்டால், இருவரும் தத்தம் மேலிடத்தில் முறையிடலாம். போலீஸ் தலைமையோடு உரசல் நீடித்தது. 1951-இல் மட்டும் பாதுகாப்புப் படையினர் சுமார் 500 பேர் மாண்டனர். அந்த அக்டோபர் 6-ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்.

அதன் பிறகுதான் பிரிக்ஸுக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. அதற்குள் அவர் மூட்டை கட்டும் நேரம் வந்துவிட்டது. ஓர் ஆண்டுக்கு என்று வந்தவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டார், உடல் ஓய்ந்திருந்தது. 1951 முடியுமுன் சைப்ரஸ் திரும்பினார். 1952 பிப்ரவரியில் வந்த ஜெரால்டு டெம்ப்ளரிடம் உயர் ஆணையர் பதவியும் நடவடிக்கை இயக்குநர் பதவியும் ஒன்றாகத் தரப்பட்டன. பிரிக்ஸ் கேட்டும் கிடைக்காதது, அடுத்தவருக்கு வந்த முதல் நாளே கிடைத்தது. திட்டம் பலன் தரத் தொடங்கிய 1952 அக்டோபரில் பிரிக்ஸ் சைப்ரஸில் காலமானார். அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் அதிகாரபூர்வமாக முடிந்தது.

அவர் அமைத்த குழு முறை அதோடு முடிந்துவிடவில்லை. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அமைந்த தேசிய நடவடிக்கை மன்றமும் மாநிலம், மாவட்டம் என்று அதே படிக்கட்டில்தான் இயங்கியது. 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் பேரிடர்களுக்காக வெளியிட்ட 20-ஆம் எண் ஆணையிலும் மத்திய, மாநில, மாவட்டக் குழுக்களே இருந்தன. இன்று கிளந்தானிலோ பகாங்கிலோ வெள்ளம் வந்தால், மாவட்ட அதிகாரி போலீஸ், தீயணைப்பு, ராணுவம் எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைத்து, எந்தப் பள்ளியை நிவாரண மையமாகத் திறப்பது என்று முடிவு செய்கிறார். அந்த மேசையை இந்த நாட்டில் முதலில் போட்டவர்களில் பிரிக்ஸும் ஒருவர்.

வேலியின் கதை வேறு. புதுக்கிராம மக்களுக்குக் காலப்போக்கில் வீட்டு நிலத்துக்குக் குத்தகைப் பத்திரம் கிடைத்தது. பள்ளியும் சாலையும் வந்தன. தோட்டத்தில் வேலிக்குள் சேர்க்கப்பட்டவர்கள் நின்ற நிலம் கம்பெனியுடையது. அவர்களுக்குப் பத்திரம் என்ற பேச்சே எழவில்லை. 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள் இன்றும் நாட்டின் வரைபடத்தில் இருக்கின்றன. அந்த லயங்களில் பல, தோட்டம் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது அதோடு சேர்ந்து போய்விட்டன.