மெரிலாண்டு சுப்பிரமணியம்

தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளிவரும் நம் அன்பர்கள், அண்மையிலுள்ள நியூ தியேட்டரைக் காணாதிரார். அதன் உடைமையாளராக விளங்கிய பி. சுப்பிரமணியம் 1910-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் நம்முள் சிலரே.

அன்னார் சினிமாத் தொழிலைப் பயின்றது படக்கொட்டகையிலேதான். எக்காட்சியில் ஜனங்கள் கண்ணீர் உகுப்பர், எக்காட்சியில் பீடி பற்றவைக்க எழுந்து செல்வர் என்பதைக் கொட்டகைக்காரர் அறியுமளவு டைரக்டர்கள் அறியார் என்பது அடியேன் எண்ணம்.

அந்நாளில் மலையாளப் படமெடுக்க விழைந்தோர் தமிழகத்தையே நாடினர். முதல் மலையாளப் பேசும்படமாகிய 'பாலன்' 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரால் தயாரிக்கப்பட்டதன்றோ! திருவனந்தபுரத்தில் முன்னர் ஜே. ஸி. டானியல் நிறுவிய ஸ்டூடியோ, ஒரே ஊமைப்படத்துடன் முடங்கி அவரைப் பெருங்கடனில் ஆழ்த்திற்று. அந்நகரிலேயே மீண்டும் பெரும்பொருள் முடக்குவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். 1951-இல் நகருக்குத் தெற்கே நேமத்தில் மெரிலாண்டு ஸ்டூடியோவை எழுப்பினார் சுப்பிரமணியம். நீலா புரொடக்ஷன்ஸ் சார்பில் 1952-இல் 'ஆத்மஸகி' வெளிவந்தது. போலீஸ் இலாகாவில் பணியாற்றிய சத்யன் அதன் வாயிலாகவே திரையில் தோன்றினார்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. பிறந்த ஊர் ஒரு ராஜ்யத்திலும், தேடிய பொருளனைத்தும் மற்றொரு ராஜ்யத்திலுமாயின. இந்நிலை எத்தகையது என்பதை நம் சங்கத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. அன்னார் நேமத்திலேயே நிலைத்தார். மறு ஆண்டு அவர் டைரக்ட் செய்த 'பாடாத்த பைங்கிளி', மலையாளப் படங்களுள் சிறந்ததென ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலாகிய 'ரண்டிடங்ஙழி'யையும் 1958-இல் படமாக்கினார்.

ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டூடியோ இவருக்குப் போட்டி. 1961-இல் இருவரும் குசேலர் கதையையே எடுத்து மோதினர். வென்றது நீலாவின் 'பக்த குசேலா'. உதயாவின் சின்னம் கூவும் சேவல். நீலாவின் சின்னமோ முருகப்பெருமான். சேவலும் வேலவன் கொடியிலுள்ளதே!

பிற்காலத்தில் புராணப் படங்களையே மிகுதியாக எடுத்தார் என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் நியாயமுண்டு. ஆயினும் கேரள அரசின் முதலாவது சிறந்த பட விருதை 1969-இல் பெற்றது அவரது 'குமார சம்பவம்' அன்றோ? 1975-இல் வெளியான 'சுவாமி ஐயப்பன்' ஈட்டிய வருவாயில் ஒரு பகுதி சபரிமலைப் பாதைக்குச் செலவிடப்பட்டது. மலையேறுவோர் அதனைச் 'சுவாமி ஐயப்பன் ரோடு' என்றே அழைக்கின்றனர்.

1978 அக்டோபர் 4-ஆம் நாள் சுப்பிரமணியம் காலமானார். மறு ஆண்டுதான் திருவனந்தபுரத்திலிருந்து நேமம் வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியது.